சுவரைப் பார்த்து நிற்பவர்

"நீங்களே தட்டுங்கம்மா" என்று கைப்பேசியை நம்மிடம் நீட்டிவிட்டு, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். பேருக்கு முகத்தை மட்டும் திருப்புகிற வழக்கம் அவரிடம் இல்லை. குதிகால் உட்பட முழு உடம்பும் திரும்பும். மூக்குக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். நாம் கடவுச்சொல்லைத் தட்டி முடித்து, "ஆச்சு" என்று சொல்லும்வரை, அந்த வெள்ளைப் பூச்சில் ஏதோ படிக்கவேண்டியது எழுதியிருப்பதைப்போல நின்றுகொண்டிருப்பார்.

ஆனால், அப்படி அமைதியாகத் தட்டுகிறவர்கள் எங்கள் குடியிருப்பில் மிகச் சிலரே. "இதுல என்னங்க பெரிய ரகசியம்? செல்லக்குட்டின்னு போட்டு ஒண்ணு ரெண்டு மூணு போடுங்க" என்று சமையலறையிலிருந்தே உரக்கச் சொல்லிவிடுகிறவர்கள்தாம் மிகுதி. காதை மூடிக்கொள்ள இயலாத குறைக்கு, அவர் கண்களை மூடிக்கொள்கிறார். "மூணாவது மாடி முழுக்கச் செல்லக்குட்டிதாம்மா. கேட்டதையெல்லாம் மறக்கறதுக்கு எனக்குத் தனியா ஒரு சம்பளம் குடுத்தாத் தேவல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, உண்மையாகவே களைத்துப்போய்ச் சொன்னார்.

வீடுகளில் கண்காணிப்புக் கேமராவும் இணையப் பெட்டியும், விரல் வைத்தால் திறக்கும் பூட்டும் மாட்டித் தருவது அவர் தொழில். வயது ஐம்பதை நெருங்கும். மூடிப்போன ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்த பனியனை அணிந்து, மடக்கு ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார். "சுவரு சார் வந்திருக்காரு" என்று வாயிற்காவலர் கீழேயிருந்து தொலைபேசியில் அறிவிப்பார். துளையிடும் இடத்துக்குக் கீழே ஒரு பழைய கடித உறையை வாய் திறந்தபடி ஒட்டிவைத்து, விழும் தூள் முழுவதையும் அதில் பிடித்து, மடித்துத் தம் பைக்குள்ளேயே போட்டுக்கொள்வார். தாம் வந்துபோன தடம் ஒரு வீட்டிலும் இருக்கக்கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு பிடிவாதம்.

நாங்கள் வாங்கிக் குவிக்கும் பொருள்களைப் பற்றி அவருக்கென்று சில கருத்துகள் உண்டு. கேட்டால்தான் சொல்வார். பேசும் பெட்டியொன்றை எதிர்வீட்டார் வாங்கிய நாளில் நான் கேட்டேன். "கூப்பிட்டா உடனே பதில் சொல்லுதும்மா, நல்லாத்தான் இருக்கு. அப்போ, கூப்பிடாதப்பவும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு?" என்றார். நான் அதன்பின் அந்த வீட்டுக் கூடத்தில் மருமகள்களைப் பற்றிய பேச்சைத் தவிர்த்துவருகிறேன். தானே ஓடித் தரையைப் பெருக்கும் வட்டப் பெட்டியைப் பற்றி அவர் சொன்னது: "ஒரு வாரத்துல வீட்டையே படமா வரைஞ்சு வச்சுக்குது. எங்க வீட்டுல என் கண்ணாடி எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது." அவர் மகள் ஆசையாக வாங்கித் தந்த கைக்கடிகாரம், ஏறிய படிகளை எண்ணிச் சொல்லும். "முந்நூறு படி ஏறிட்டீங்கன்னு பாராட்டுது. முழங்கால் அதுக்கு முன்னாடியே சொல்லிருச்சு."

எந்தக் கடையிலும் அவர் தம் மெய்ப்பெயரைத் தருவதில்லை. செருப்புக் கடையில் அவர் பாதமுத்து. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாயிரம். பல் மருத்துவரின் பதிவேட்டில் பல்லழகன். ஒருநாள் என் வீட்டில் ஏணியின் உச்சியில் நின்றபோது அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் ஓர் இளம்பெண்ணின் குரல்: "வணக்கம், பல்லழகன் சாருங்களா? உங்களுக்காகவே ஒரு அருமையான வீட்டுமனை..."

"பல்லழகன் வெளியூர் போயிட்டாரும்மா" என்று பணிவாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்தார். "பல் டாக்டரும் குடுத்துட்டாரு. அவர நல்ல மனுஷன்னு நெனச்சிருந்தேன்." திருகாணியை முடுக்கியபடியே மேலும் சொன்னார்: "செருப்புக் கடைக்காரன் மட்டுந்தாம்மா இன்னும் யாருக்கும் சொல்லல. பாதமுத்துவ ஒருத்தரும் கூப்பிட்டதில்ல."

வேலை முடிந்து படியிறங்கும்போதே அவர் கைப்பேசியில் 'டிங்' என்றொரு மணி ஒலிக்கும். அந்த வீட்டார் அவருக்கு எத்தனை நட்சத்திரம் தந்தார்கள் என்று அவருடைய நிறுவனம் அறிவிக்கும் ஒலி அது. சராசரி நான்குக்குக் கீழே இறங்கினால் வேலைகள் வேறு ஆள்களுக்குப் போய்விடும். அவர் கணக்கு எப்போதும் நான்கை ஒட்டியே ஊசலாடிக்கொண்டிருக்கும். காரணம், அந்தச் சுவர்தான். 'வந்தவர் எங்கள் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பற்றி என்ன நினைத்தாரோ? இரண்டு நட்சத்திரம்' என்று ஒருவர் பெயரில்லாமல் எழுதியிருந்ததை எனக்குக் காட்டினார்.

"யார் என்று தெரியவில்லையே" என்றேன்.

"ஏன் தெரியாது? அந்த வாரம் புதுசா பெயின்ட் அடிச்ச வீடு ஒண்ணே ஒண்ணுதான். பேர மறைச்சவரு பெயின்ட மறைக்கலியே."

அந்த வீட்டுக்கு அவர் அதற்குப் பிறகும் இருமுறை போயிருக்கிறார். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதேயில்லை. "அவரு யாருன்னு தெரியக்கூடாதுன்னு நெனச்சாரு. எனக்குத் தெரியாதுன்னே இருந்துட்டுப் போகட்டுமே" என்பது அவர் நியாயம். இப்படியெல்லாம் பேசுகிறவருக்கு வீட்டில் என்ன மரியாதை என்று கேட்டுவைத்தேன். "எங்க வீட்டம்மா சொல்லும்: ஊரு ரகசியத்தையெல்லாம் கட்டிக் காப்பாத்துறாரு, நம்ம வீட்டுச் சாவிய மட்டும் பஸ்ல விட்டுட்டு வந்துடுவாரு" என்றார். அந்த அம்மையார் கைப்பேசிக்குப் பூட்டே போடுவதில்லையாம். "என் போனப் பாக்கறதுக்கு யாரு வரிசையில நிக்கிறாங்க?" என்று கேட்பாராம்.

இத்தனை எச்சரிக்கை பிறவியிலேயே வந்ததாக இருக்கமுடியாது என்று எனக்குத் தோன்றியதுண்டு. போன ஆண்டு, இணையப் பெட்டியின் சிறுதுளைக்குள் ஊக்கை நுழைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, விளக்கு அணைந்து எரிவதற்காகக் காத்திருந்த வேளையில் அவரே சொன்னார். ஒரு வீட்டில் படுக்கையிலிருந்த பெரியவரின் அறைக்கு அவர் கேமரா மாட்டியிருக்கிறார். ஆறு மாதம் கழித்து, ஊரெல்லாம் சுற்றிய ஒரு காணொளி அவர் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பெரியவரைக் கவனித்துக்கொள்ளும் பெண் நாற்காலியில் வாய் திறந்தபடி தூங்குகிறாள், பின்னணியில் தாலாட்டு இசை, கீழே பார்த்தவர்கள் எழுதிய வசைகள்.

"மூணு ராத்திரி தொடர்ந்து முழிச்சிருந்த பொண்ணும்மா அது. அதுவும் அந்தக் கேமராவுல பதிஞ்சுதான் இருந்திருக்கும். அத யாரும் வெட்டி எடுத்துப் போடல. மொகத்துக்குப் பதிலா சூரியன் படம் வச்சவரு திட்டுறாரு, ரோஜாப்பூ வச்சவரு திட்டுறாரு, ஒண்ணுமே வைக்காதவரு அதுக்கு மேல திட்டுறாரு. ஒருத்தருக்கும் பேரு கெடையாது. அந்தப் பொண்ணுக்கு மட்டும் மொகம் இருந்துச்சு." விளக்கு எரிந்தது. ஊக்கை எடுத்துப் பனியன் ஓரத்தில் குத்திக்கொண்டார். "அதுக்கப்புறம் எங்கயும் வேல கெடைக்கல அதுக்கு. பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சும்மா எனக்கு. அந்தக் கோணம் நான் வச்சது."

அந்தக் காணொளியைப் பார்த்த நாள்முதல் எந்த வீட்டிலும் ஏணியை விரிப்பதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: "இந்த ரூம்ல வேற யாரு இருப்பாங்க?"

போன மாதம் அந்தக் கேள்வியை அவர் என் தமக்கையின் அறையில் கேட்டார். எனக்குக் கீழ்த்தளத்தில் வசிக்கும் தமக்கை, பக்கவாதத்துக்குப்பின் ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார், பேச்சு வருவதில்லை. முன்பிருந்த ஆள் கவனிக்காத நேரத்தில் கட்டிலிலிருந்து நழுவி, கால்மணிநேரம் தரையிலேயே கிடந்தார். தொலைவில் வேலை பார்க்கும் அவர் மகன் அந்தக் கால்மணிநேரத்தை இன்னும் மறக்கவில்லை. கேமராவை வாங்கி அனுப்பியிருந்தான். எங்கே மாட்டவேண்டும் என்று அறையின் படத்தில் ஜன்னலுக்கு மேலே சிவப்பு வட்டமும் போட்டு அனுப்பியிருந்தான்.

கேள்விக்குப் பதில் சொன்னவள், தமக்கையை இப்போது கவனித்துக்கொள்ளும் பெண். முழுப் படிப்புப் படித்த செவிலியில்லை என்றாலும், நாங்கள் நர்ஸம்மா என்றே கூப்பிடுகிறோம். "நான்தாங்க இருப்பேன். காலைல எட்டுலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும்."

"எங்க உக்காருவ?"

"இந்த முக்காலிலதான்." அலமாரி மூலையில் கிடந்ததைக் காட்டினாள்.

"சாப்பாடு?"

"அதுவும் இதுலதான்." நாலு மணிக்குப் பள்ளிவிட்டு வீட்டுக்கு வரும் தன் மகனோடு அவள் கைப்பேசியில் தணிந்த குரலில் பேசுவதும், செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை அமுக்கிக்கொள்வதும் அந்த முக்காலியில்தான். எட்டு மாதமாக நான் பார்த்துவருகிறேன். கேமரா வருகிறது என்று கேள்விப்பட்டபோது இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரவேயில்லை.

"அம்மாவத் தொடைச்சு, உடுப்பு மாத்துறது?"

"சக்கர நாற்காலில உக்காரவச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருவேங்க." பிறகு, ஏதோ குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதைப்போல, "மாட்டுங்கண்ணே, மாட்டுங்க. நான் என்ன திருடவா போறேன்?" என்றாள்.

"திருடாதவங்களுக்கும் சோறு திங்கிறப்ப யாரும் உத்துப் பாக்காம இருந்தா நல்லாத்தான் இருக்கும் தங்கச்சி" என்றார் அவர்.

சிவப்பு வட்டமிட்ட படத்தை ஒருமுறையும், அறையை ஒருமுறையும் பார்த்தார். பிறகு கட்டிலருகே குனிந்து, "அம்மா, கட்டில மட்டும் பாக்குற மாதிரி ஒண்ணு மாட்டப்போறேன். மாட்டலாங்களா?" என்று என் தமக்கையிடம் கேட்டார். இந்தக் கேமராவைப் பற்றி அவரிடம் கேட்ட முதல் ஆள் இவர்தாம். தமக்கை இரண்டு விரல்களை அசைத்தார். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று பொருள். ஏணி ஜன்னலை நோக்கிப் போகவில்லை; கதவுக்கு மேலிருந்த சுவரில் சாய்ந்தது.

மாட்டி முடித்ததும் தமக்கை மகன் என் கைப்பேசியில் முகம் காட்டினான். "அண்ணே, ஜன்னலுக்கு மேலதானே வைக்கச் சொன்னேன்?"

"சார், தலைமாட்டுலேருந்து கால்மாடு வரைக்கும் கட்டில் முழுசாத் தெரியும். அம்மா பொரண்டாத் தெரியும், எழுந்தாத் தெரியும்."

"அந்த அலமாரி மூலை?"

"அது தெரியாது சார்."

"ஜன்னலுக்கு மேல வச்சாத் தெரியுமில்ல?"

"தெரியும் சார்." ஒயர் எட்டவில்லை என்றோ, சுவர் சரியில்லை என்றோ ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அதனாலதான் இங்க வச்சேன். அந்த மூலைல இந்தத் தங்கச்சி உக்காரும். பன்னெண்டு மணிநேரம் ஒருத்தர உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா, அவங்களால இன்னொருத்தரப் பாத்துக்க முடியாது சார்."

"அத முடிவு பண்றதுக்கா உங்களக் கூப்பிட்டேன்? நர்ஸ் என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா? எங்கம்மா தரையில கெடந்தப்ப நீங்களா வந்து தூக்கினீங்க?" குரல் உடைந்து, பிறகு இறுகியது. "கம்பெனிலயே பேசிக்கிறேன். சித்தி, நீங்களாவது சொல்லுங்க."

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு மேலே மாட்டு என்று நான் ஒரு சொல் சொன்னால், அவளுக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே மூலையும் போய்விடும். அவள் வாய் திறந்தால் வேலையே போய்விடும். அவர் என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார், நான் என்ன சொல்கிறேன் என்பதும் என் கடவுச்சொல் என்பதைப்போல.

"உங்கம்மா முழுசாத் தெரியறாங்க இல்லப்பா? அது போதும்" என்றேன்.

"என்னமோ பண்ணுங்க" என்றான். முகம் மறைந்தது.

அவர் திரும்பினார். வெற்றி பெற்றவரின் முகமாக அது இல்லை. இன்னும் ஒரு மாடி ஏறவேண்டியவரின் முகமாக இருந்தது. தம் கைப்பேசியில் அறையின் படத்தை வரவழைத்து, அதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணை அலமாரிப் பக்கமாக நகரச் சொன்னார். "பின்னாடி வா. இன்னும் கொஞ்சம். தோள் தெரியுது. இன்னும் ஒரு எட்டு. கைய மடக்கு... ஆங், காணாமப் போயிட்ட!"

அவள் சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

"அங்கேருந்து அம்மா தெரியறாங்களா?"

"நேரா மொகமே தெரியுதுண்ணே."

முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் நின்ற இடத்தில் வைத்தார். சரிபார்ப்பதற்காகத் தாமே அதில் உட்கார்ந்து, கைப்பேசிக்குள் தம்மைத் தேடினார். கட்டில் இருந்தது, என் தமக்கை இருந்தார், கட்டிலோரம் நானும் பாதி இருந்தேன், அவர் இல்லை. அப்போது 'டிங்' என்று மணி ஒலித்தது. எத்தனை நட்சத்திரம் என்று அவர் பார்க்கவில்லை. கைப்பேசியை மடியில் கவிழ்த்துவைத்தார். எப்போதும் முகம் காட்டி நிற்கும் சுவருக்கு அன்று முதுகைக் கொடுத்து, தலையை மெல்லச் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டார்.