வெயில் இருக்கும் வரை ஓடும் மெஷின்

ஒயரின் நுனியில் 'லக்' எனும் செம்புக் காதை மாட்டிக் கருவியால் அழுத்தியதும், ஏஞ்சல் அதை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுக்கிறாள். கையோடு வந்தால் மறுபடியும் அழுத்துவாள். வராவிட்டால் அடுத்த ஒயருக்குப் போய்விடுவாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மின்சாரப் பேனல் செய்யும் கம்பெனியில் அவள் வயரிங் பிரிவு. ஊதா நிறக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, ரப்பர் பேண்டு அறுந்த நாளில் கொண்டையில் ஒரு கேபிள் டை.

இந்த இழுப்பு கம்பெனி வாசலோடு நிற்பதில்லை. மகள் மோனிகாவின் பள்ளிப் பை வாரை இழுத்துப் பார்ப்பாள். கணவன் பீட்டரின் சட்டைப் பொத்தானை, அவன் சட்டையைப் போட்டிருக்கும்போதே, இழுத்துப் பார்ப்பாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட இளைஞர்கள் கோயில் கோபுரத்தில் ஏறியபோது, கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்து அவர்களைக் கீழே இறக்கியவள் இவள்தான். "பாக்கறதுக்கு எல்லாமே நல்லாத்தான் கீது. இழுத்துப் பாரு, அப்ப தெரியும்."

ஆட்களையும் அவள் மின்சாரக் கணக்கில்தான் பிரிப்பாள். சத்தம் போடும் சூப்பர்வைசர் "மூணு ஃபேஸு". பீட்டர் "இன்வெர்ட்டரு". ஊரே இருட்டான பிறகுதான் அவனிடமிருந்து சத்தம் வருமாம். ஸ்டேஷனுக்கும் சிப்காட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் பீட்டர், இதைக் கேட்டுச் சிரிப்பானே தவிர மறுத்துப் பேசியதில்லை.

அப்படிப்பட்ட ஏஞ்சலின் வீட்டு மாடியில்தான் பிட்காயின் மெஷின் ஓடுகிறது.

ஆரம்பம் கம்பெனியிலேயே நடந்தது. வெளிநாட்டுக்குப் போகும் ஒரு கன்டெய்னருக்கு வயரிங் வேலை வந்தது. உள்ளே புத்தக அலமாரி மாதிரி வரிசை வரிசையாகத் தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனி பிளக். இத்தனை பிளக்கில் எதைச் சொருகுவார்கள் என்று, பார்வையிட வந்த இன்ஜினியரைக் கேட்டாள். அவர் செல்போனில் படம் காட்டிச் சொன்னார்: ஷூ டப்பா அளவில் ஒரு அலுமினியப் பெட்டி, இரண்டு பக்கமும் விசிறி. உலகம் முழுக்க இப்படிப்பட்ட பெட்டிகள் ஓயாமல் எண்களைப் போட்டுப் பார்த்தபடி பிட்காயின் வரவு செலவைச் சரிபார்க்கின்றன. பலர் கூட்டாக ஓட்டினால், அவரவர் மெஷின் செய்த வேலைக்கேற்ப துளித்துளியாகக் காயின் வந்து சேரும். கரண்ட்தான் அதற்குத் தீனி.

"நூறு மெஷினுக்கு நான் ஒயர் இழுத்து உடறேன். ஒரே ஒண்ணு எனக்குன்னு ஓடக்கூடாதா?" என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் பீட்டரிடம் கேட்டாள். அவன் ஆட்டோ மாற்றுவதற்காக இருவரும் சேர்த்துவந்த பணம் இருந்தது. "ஒரு வருசம் குடு மாமா. அதுக்குள்ள ஆட்டோவுக்கு வழி பண்றேன்." பீட்டர் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "சரி" என்றான்.

மெஷின் வாங்கச் சென்னைக்குப் போனார்கள். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் லோகு தன் கடையில் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தான். ஒன்று அரதப் பழசு, மலிவு. ஒன்று புத்தம் புதுசு. நடுவில் இருந்தது இரண்டு மூன்று வருடம் ஓடியது. லோகு புதுசைத் தட்டினான்.

"மேடம், இது ராக்கெட்டு. இத்த மிஞ்ச ஆளே கெடையாது."

"ராக்கெட்டு எறக்க எங்க ஊட்டு மாடி தாங்காது. வேகத்த உடுப்பா. ஒரு யூனிட்டு குடிச்சா எவ்ளோ வேல செய்யுது, அத்த சொல்லு."

பையிலிருந்து கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்து ஒயரைச் சுற்றிக் கவ்வவிட்டாள். மூன்றையும் ஒவ்வொன்றாக ஓட்டச் சொன்னாள். பழசு குடிக்கும் கரண்டுக்குச் செய்யும் வேலை சொற்பம். அதை விலையில்லாமல் கொடுத்தாலும் நஷ்டம். புதுசு நன்றாக உழைத்தது, ஆனால் அவள் வீட்டு மாடி வெயிலிலிருந்து எடுக்கக்கூடிய கரண்ட் அதன் வாய்க்குக்கூடப் பற்றாது. நடுப்பெட்டியின் விசிறிக் காற்றில் கையை நீட்டிச் சூடு பார்த்தபடி கேட்டாள்:

"இத்த மெதுவா ஓட்டலாமா?"

லோகு விழித்தான். "ஏத்தறதுக்குத்தான் எல்லாரும் கேப்பாங்க மேடம். எறக்கறதுக்கு நீங்கதான் கேக்கறீங்க."

"எறங்குமா, எறங்காதா?"

"எறங்கும். சாஃப்ட்வேர் மாத்தித் தரேன்."

அதையே வாங்கினாள். மெஷினை இறக்கி ஓட்டினால் வேலை கொஞ்சம் குறையும், கரண்ட் அதைவிட அதிகமாகக் குறையும் என்பது அவள் கணக்கு. வீட்டு மீட்டரில் அதை மாட்டும் யோசனையே அவளுக்கு இல்லை. அவர்கள் வீடு பத்து நாளில் செலவழிப்பதை இது ஒரே நாளில் முழுங்கிவிடும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். "ஈபி கரண்ட்டுல ஓட்டினா மெஷினு நமக்கு வேல செய்யாது. நாமதான் மெஷினுக்கு வேல செஞ்சிகினு இருக்கணும்."

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை புயலுக்குப் பிறகு தன் சோலார் பேனல்களைக் கழற்றிப் பழைய சாமானாக விற்றது. ஏஞ்சல் அங்கே போய், ஒவ்வொன்றையும் வெயிலில் சாய்த்து மீட்டர் வைத்துப் பார்த்து, நல்லதை மட்டும் பொறுக்கினாள். பீட்டர் தன் ஆட்டோவிலேயே நாலு நடையாக ஏற்றி வந்தான். இரும்புச் சட்டம், தடித்த ஒயர், தனி சுவிட்ச், சோலார் இன்வெர்ட்டர், மேகம் கடக்கும் நேரத்துக்கு மட்டும் தாங்கும் பேட்டரி, கரியும் உப்பும் கொட்டிய எர்த் குழி என்று எல்லாம் அவள் கைவேலை. விசிறிச் சத்தம் பொறுக்காமல் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள், "இன்னாமா, ஏரோப்பிளேன் வந்து உங்க மாடில நிக்குதா?" என்று கேட்ட மறுநாளே, பெட்டியைச் சுற்றித் தெர்மாகோல் வைத்த மரக் கூண்டு வந்துவிட்டது, சூடான காற்று ஒரு குழாய் வழியாக வயல் பக்கம் போனது. வெயில் ஏறினால் மெஷின் ஓடும். வெயில் இறங்கினால் நிற்கும். அவள் போட்ட சட்டம் அது ஒன்றுதான்.

கத்திரி வெயிலில் மெஷின் படுத்தது. உள்ளே இருக்கும் மூன்று போர்டுகளில் ஒன்று செத்துவிட்டது. பீட்டர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். ஏஞ்சல் அந்தப் போர்டைக் கழற்றி எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் ஓடவிட்டாள். "மூணு அடுப்புல ஒண்ணு அணைஞ்சா சோறு ஆக்க மாட்டாங்களா? போ மாமா, சவாரிக்குப் போ." பாரம் குறைந்ததால் மேகம் போட்ட நாளிலும் பேனல்கள் அதைத் தாங்கின. ஆனால் வரும் காயினும் குறைந்தது. பீட்டரின் ஆட்டோவோ இரண்டாவது கியருக்கு ஒவ்வொரு முறையும் அலறிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மெஷின் கதையைக் கேள்விப்பட்டு அன்புராஜ் வந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஏஞ்சல் பிறந்த ஊரில் பெரிய நிலக்காரர் அப்பாவுவின் மகன். ஏஞ்சலின் அம்மா அந்த நிலத்தில் நடவு நட்டவர். அன்புராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, ஏஞ்சல் கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"பகல்ல மட்டும் ஓட்டிகினு இன்னாமா பேஜாரு? நம்ம மோட்டார் ஷெட்டுல கொண்டாந்து வை. விவசாய லைனு, பைசா கெடையாது. ராப்பகலா ஓடும். செத்துப்போன போர்டுக்கும் நான் டப்பு தரேன். வர்றதுல ஆளுக்குப் பாதி."

ஏஞ்சல் பதில் சொல்வதற்குள் பீட்டர், "போய்ப் பாத்துட்டாவது வரலாமே" என்றான். அவன் அப்படி முந்திக்கொண்டு பேசி அவள் பார்த்ததில்லை. அதனால் போனாள்.

ஷெட் நன்றாகவே இருந்தது. நிழல், காற்று, மூன்று ஃபேஸ் கரண்ட். குழாயிலிருந்து தண்ணீர் முழங்கால் தடிமனுக்கு விழுந்து வாய்க்காலில் ஓடியது. ஏஞ்சல் வோல்டேஜ் பார்த்தாள். இப்படி ஒரு லைன் கிடைத்தால் மெஷின் குதிரையாக ஓடும் என்று அவள் கைக்குத் தெரிந்தது. சுவரோரம் இடத்தை ஜாணால்கூட அளந்தாள். பீட்டரின் முகம் மலர்ந்தது.

பிறகு வெளியே வந்து, புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"வேணாங்கண்ணா."

"ஏம்மா? யாரு வந்து பாக்கப்போறா?"

"இது பயிருக்குன்னு குடுத்த கரண்ட்டு. மாட்டிகினா ஈபிகாரங்க மோட்டார் லைனயும் சேத்துப் புடுங்கினு போய்டுவாங்க. உங்க நெல்லுதான் காயும்." சற்று நிறுத்தினாள். "அதுகூட அப்பறம். மெஷினு உங்க ஷெட்டுல, லைனு உங்க பேர்ல, சாவி உங்க இடுப்புல. அப்ப எனக்குன்னு இன்னா கீது? எங்கம்மா இதே தண்ணில நின்னாங்க. நானும் திரும்பி வந்து நிக்கறதுக்கா மெஷினு வாங்கினேன்?"

அன்புராஜ் கோபிக்கவில்லை. "ரொம்பப் பேசற" என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பைப் பார்த்தார். ஏஞ்சல் கிளம்புவதற்கு முன், மெயினை நிறுத்திவிட்டு, அவருடைய ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஒயரை முறுக்கிவிட்டு வந்தாள்.

திரும்பும் வழியில், தெருமுனையில் கியர் அலறியபோது பீட்டர் வண்டியை நிறுத்திவிட்டான்.

"இதோ கத்துதே, இது உன் காதுல உழுதா ஏஞ்சலு? நான் டெய்லி இத்தத்தான் கேட்டுகினு கீறேன்."

ஏஞ்சல் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். மாடியில் உட்கார்ந்து தன் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை; எடுத்த முடிவில் அவளுக்குச் சந்தேகமும் இல்லை. அந்தக் கணக்கில் இரண்டாவது கியருக்கு எங்குமே இடம் கொடுக்கவில்லை என்பது மட்டும் உறுத்தியது.

அதன் பிறகு வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்தான் பேச்சு. கம்பெனியில் அவசர ஆர்டர் வந்து, விடியுமுன் போய்ப் பொழுது சாயும் வேளைக்குத் திரும்பினாள். உருக்காலைகளின் புகைக்கரி காற்றில் வந்து பேனல்கள்மேல் படிந்தது, துடைக்க நேரமில்லை. டீ இடைவேளையில் செல்போனில் பார்ப்பாள். மெஷினுக்குக் கிடைக்கும் கரண்ட் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. மெஷினும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு முனகியது.

ஒரு வியாழக்கிழமை மதியம் பார்த்தபோது செல்போனில் கரண்ட் கோடு செங்குத்தாக மேலே ஏறியிருந்தது. இன்வெர்ட்டர் கோளாறோ என்று வோல்டேஜைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மோனிகா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். கரியைக் கழுவ மழையும் பெய்யவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பீட்டருக்குப் போன் போட்டாள்.

"சாப்டியா?"

"ம். சாப்டேன்."

"இன்னா சத்தம் அங்க?"

"உன் மெஷினுதான் கத்தினு கீது," என்று சொல்லி வைத்துவிட்டான்.

சாயங்காலம் அவள் வந்தபோது பீட்டர் வாசலில் ஆட்டோவின் அடியில் படுத்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஏஞ்சல் வாளியில் தண்ணீரும் துணியுமாக மாடிக்கு ஏறினாள்.

பேனல்கள் பளபளவென்று இருந்தன. சட்டத்தின் கீழே கரித் தண்ணீர் ஓடிக் காய்ந்திருந்தது. மேல் வரிசையில், கை எட்டாத மூலையில் மட்டும், ஒரு முழ நீளத்துக்குக் கரி அப்படியே அப்பியிருந்தது. கண்ணாடியில் துணி இழுத்த கோடுகள் கோணல்மாணலாகப் போயிருந்தன.

அவள் துணியை நனைத்துப் பிழிந்து, கையில் சுற்றிக்கொண்டு, ஒரு காலைச் சட்டத்தின்மேல் வைத்தாள். கீழே ஸ்பேனர் தரையில் விழும் சத்தம் கேட்டது. அந்த மூலையின் விளிம்பு வரை பீட்டரின் கை எட்டிப் பார்த்திருந்தது. பிறகு காலை எடுத்துவிட்டு, துணியை உதறிக் கைப்பிடிச் சுவரில் காயப் போட்டாள். வாளித் தண்ணீரைச் சுவரோரத்து முருங்கைக்கு மேலிருந்தே ஊற்றிவிட்டுக் கீழே இறங்கினாள்.