டெல்லி ரோடா, மெட்ராஸ் ரோடா?

ரோடு போடுவது தார், ஜல்லி, ரோலர் சமாசாரம் என்று ரோட்டில் போகிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போடுகிற எங்களைக் கேட்டால் அது முழுக்க முழுக்கப் பேப்பரும் நூலும் கோந்தும்தான். எண்பதுகளின் நடுவில் மதுரையில் ரோட்டு இலாகாவில் ஜூனியர் இன்ஜினியராக நான் குப்பை கொட்டினேன். அந்த வருஷங்களில் தாரைத் தொட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்களும் ஏதாவது ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் அதைப் பற்றி எழுதிக்கொண்டே காலம் தள்ளியவர் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

ஒரே ரோட்டுக்கு ரெண்டு ஜாதகம்

கீழக்குயில்குடியைத் தாண்டிப் போனால் சின்னயேந்தல் என்று ஒரு ஊர். ஊருக்கு முன்னால் ஒரு ஓடை, ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். வெயில் காலத்தில் ஆடு, மாடு, மனுஷன், பால் லாரி எல்லாம் அதன்மேல் போகும். மழை பெய்தால் அதன்மேல் தண்ணீர் போகும். லாரி இக்கரையிலேயே நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஊரில் பாதி வீட்டில் பால்மாட்டை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. அடுத்த மழைக்கும் இதே கூத்து என்றால் இந்த ரூட்டையே நிறுத்திவிடுவோம் என்று பால் பண்ணைக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பால் சங்கத்தை நடத்திவந்த பெருமாயி அக்கா கே.கே. நகரில் இருந்த எங்கள் ஆபீஸைத் தேடி வந்து ஒரு மனு கொடுத்தார்.

எங்கள் கோட்டப் பொறியாளரை டி.இ. என்போம். சின்ன வேலை கேட்டால் மேலே இருப்பவர்கள் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் கொள்கை. மனுவை ஒரு கண் பார்த்தார். சமணர் மலை அடிவாரத்திலிருந்து சின்னயேந்தல் வரை ஒன்பது கிலோமீட்டர் ரோட்டை அகலப்படுத்துவது, போகிற போக்கில் ஒரு பாலமும் கட்டுவது என்று திட்டம் ஊதிப் பெருத்துவிட்டது. பணத்தை யாரிடம் கேட்பது? டெல்லி நிறையத் தரும். ஆனால் காடு, மரம், மலை, மிருகம் என்று ஆயிரம் கேள்வி கேட்கும். மெட்ராஸ் கேள்வியும் கம்மி, பணமும் கம்மி.

டி.இ. ரெண்டு பக்கமும் துண்டு போட்டு வைக்கச் சொன்னார். டெல்லி ஃபைலில் அது நாலு ஊர் லாரி ஓடப்போகும் வியாபாரப் பெருவழி. சுற்றிலும் புல் பூண்டு முளைக்காத பொட்டல். மெட்ராஸ் ஃபைலில் அதே ரோடு மரங்கள் நிழல் தரும் ஏழை விவசாயிகளின் கிராமப் பாதை. "சார், பொட்டலா, நிழலா, எது நிஜம்?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "படிக்கிறவனுக்கு எது பிடிக்குமோ அதுதான் தம்பி நிஜம். நீ எழுது."

நரி இருக்கா?

சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே அப்போது எங்கள் ஆபீஸுக்குப் புதுசு. டெல்லி அனுப்பிய இங்கிலீஷ் படிவத்தை டி.இ. என் தலையில் கட்டிவிட்டார். அதில் ஒரு கேள்வி: வேலை நடக்கும் இடத்தில் வன விலங்குகள் உண்டா, உண்டென்றால் என்னென்ன, எத்தனை? எத்தனையாம்! நரியை வரிசையில் நிற்கவைத்து ஆஜர் எடுக்கவா முடியும்?

படிவத்தை எடுத்துக்கொண்டு சின்னயேந்தல் போனேன். காலையில் பால் ஊற்ற வந்த கூட்டம் சங்கத்து வாசலில் நின்றது. "இங்கே நரி, முயல், மயில் ஏதாவது நடமாட்டம் இருக்கா?" என்று கேட்டேன். எல்லாரும் பெருமாயி அக்கா முகத்தையே பார்த்தார்கள். அக்கா கேனை மூடி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இருக்குண்டு சொன்னா பாலம் வருமா, இல்லண்டு சொன்னா வருமா? அத மொதல்ல சொல்லுங்க தம்பி. நரிய வச்சுக்கிறதா, வெரட்டுறதாண்டு அதுக்குத் தக்கன நாங்க பாத்துக்கிறோம்."

புளியமரத்துக்குப் பெயிண்ட்

அடுத்தது மரம் எண்ணும் படலம். மரத்துக்கு நம்பர் போட காஜிமார் தெருப் பக்கம் கடை வைத்திருந்த போர்டு ஆர்ட்டிஸ்ட் இஸ்மாயில் பாயைக் கூட்டிவந்தோம். மனுஷர் தொழில் சுத்தம். கடைப் பலகைக்கு எழுதுகிற மாதிரியே ஒவ்வொரு நம்பருக்கும் நிழல் கொடுத்து, ஓரத்தில் கோடிழுத்துத்தான் அடுத்த மரத்துக்கு நகருவார். ஒரு புளியமரத்துக்கு அரை மணி நேரம்! "பாய், வெட்டப் போற மரத்துக்கு எதுக்கு இம்புட்டு அலங்காரம்?" என்று கத்திப் பார்த்தேன். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "வெட்டுறது உங்க வேலை சார். அதுவரைக்கும் நிக்கிற எழுத்து என் எழுத்தாச்சே!"

ரெண்டு ஃபைல் என்பதால் கணக்கெடுப்பும் ரெண்டு தடவை. டெல்லிக்கு, அகலப்படுத்தும் இடத்துக்குள் வருகிற மரம் மட்டும். அது சிவப்பு நம்பர். மெட்ராஸுக்குக் கண்ணில் பட்டதெல்லாம். அது வெள்ளை நம்பர். ஒரே புளியமரம் இந்தப் பக்கம் சிவப்பில் 31, அந்தப் பக்கம் வெள்ளையில் 94 என்று நின்றது. வழியில் மாடு ஓட்டிப்போன பெரியவர் ஒருவர் மரத்தை ரெண்டு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏப்பா, கொலைக் கேஸுக்கே கோர்ட்டுல ஒரு நம்பர்தானப்பா குடுப்பாக! இது என்னப்பா செஞ்சுச்சு?"

ஒச்சு போட்ட தூக்கம்

படிவத்தில் இன்னொரு கேள்வி, பழங்காலச் சின்னம் ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு தூரம் என்று. சமணர் மலையை மறைத்துவைக்க முடியுமா? அளந்துதான் ஆக வேண்டும். ஆனால் எங்கிருந்து அளப்பது? மலை அடிவாரத்திலிருந்தா, மேலே அந்தக் காலத்துச் சமணத் துறவிகளின் கல் படுக்கையிலிருந்தா? டி.இ.யிடம் கேட்டால், "எது தூரம் அதிகமோ அங்கேருந்து" என்றார். ஆகவே படுக்கையிலிருந்து.

அளவுச் சங்கிலி பிடிக்கிற ஒச்சுவை முன்னால் மேலே அனுப்பிவிட்டு, நான் கீழே மேப்பை விரித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பதிலே இல்லை. மூச்சு வாங்க மேலே ஏறிப்போனால், ஒச்சு கல் படுக்கையில் கால்மேல் கால் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்! அடப்பாவி என்று உலுக்கி எழுப்பினேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "என்ன சார் நீங்க, அவுக காலம்பூராவும் படுத்திருந்த எடம். நான் அரை மணி நேரம் படுத்ததுல தேஞ்சா போச்சு?"

கவர் மாறிப் போன கதை

இனி வருவது என் வண்டவாளம். ரெண்டு ஃபைலும் ஒரே தடிமன், ஒரே பெயர், ஒரே மேப். அட்டையில் ஒட்டும் முகவரிச் சீட்டு மட்டும்தான் வேறு. அவசரம் அவசரமாக நானே கோந்து தடவி ஒட்டி அனுப்பினேன். சீட்டு மாறிவிட்டது. வியாபாரப் பெருவழி மெட்ராஸுக்கும், நிழல் சூழ்ந்த கிராமப் பாதை டெல்லிக்கும் போய்ச் சேர்ந்தன.

மாதக்கணக்கில் காத்திருந்தபின் பதில் வந்தது. இத்தனை பெரிய வழியென்றால் டெல்லியே போடட்டும் என்று மெட்ராஸ் கைகழுவிவிட்டது. இது உள்ளூர்ப் பாதையாயிற்றே, மெட்ராஸ் ஏன் போடக்கூடாது என்று டெல்லி கேட்டது. கூடவே, இவ்வளவு மரமும் மலையும் இருப்பதால் நேரில் பார்க்க ஒரு அதிகாரி வருவார் என்றும் எழுதியிருந்தது. நான் டி.இ. முன்னால் கைகட்டி நின்றேன். அவர் ரெண்டு கடிதத்தையும் மாறி மாறிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரு ரோட்டுக்கு ரெண்டு பொய் எழுதினோம். அதைச் சரியான கவர்ல போடத் துப்பில்லையே தம்பி உனக்கு!"

திரிஞ்ச பால்

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தரைப்பாலத்தின்மேல் இடுப்பளவு தண்ணீர். லாரி வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. மறுநாளும் அதேதான். மூன்றாவது நாள் சொன்னபடி ரூட்டையே நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியபின் பெண்கள் கேனைத் தலையில் வைத்து, ஓடையில் இறங்கி, மெயின் ரோடு வரை நடந்தார்கள். பாதிப் பால் போகிற வழியிலேயே திரிந்தது. மாட்டுத் தரகர்கள் மோப்பம் பிடித்து ஊருக்குள் வர ஆரம்பித்தார்கள். பெருமாயி அக்காவே தன் ரெண்டு மாட்டில் ஒன்றை விற்றுவிட்டார்.

கவர் மாறிய கதை ஒச்சு வாய்வழியே ஊர்வரை போயிருந்தது. ஒரு மத்தியானம் அக்கா ஆபீஸுக்கு வந்தார். புடவை முழங்கால் வரை சேறு. டி.இ. மேஜைமேல் ஒரு பால் கேனை ணங்கென்று வைத்து மூடியைத் திறந்தார். நாற்றம் ஹால் முழுக்கப் பரவியது. டைப்பிஸ்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். ஒருத்தராவது "உட்காருங்க" என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது. அக்கா சத்தம் போடவே இல்லை. "பாதிய டெல்லிக்கு அனுப்புங்க, பாதிய மெட்ராஸுக்கு அனுப்புங்க. இதையாச்சும் கவரு மாத்திராம அனுப்புங்க."

யார் கேட்டது?

தை பிறந்து டெல்லி அதிகாரி வந்தார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், இஸ்திரி கலையாத பேண்ட். மலையில் ஏறினார், ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்தார், கடைசியில் ஓடைக்கு வந்தார். ஊர்க்காரர்களிடம் நேராகப் பேச வேண்டும் என்றார். அவருக்குத் தமிழ் வராது, ஊருக்கு இந்தி வராது. வீட்டில் உருது பேசுகிறவர் என்பதால் இஸ்மாயில் பாயை நடுவில் நிறுத்தினோம்.

"ரோடு அகலமானா ஊருக்கு என்ன நன்மைன்னு துரை கேக்கறாரு அக்கா" என்றார் பாய். பெருமாயி அக்கா விழித்தார். "எந்த ரோடு? ரோடு அது பாட்டுக்குக் கெடக்கு, அதுக்கென்ன? நாங்க பாலந்தான கேட்டோம்." பாய் அதை அப்படியே சொல்ல, அதிகாரி ஃபைலை வாங்கினார். எங்கள் ஆபீஸில் புதுக் காகிதம் எப்போதும் மேலேதான் சேரும். மேலே இருப்பதற்குப் பதில் எழுதிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பதை யார் புரட்டினோம்? அவர் கட்டைத் தலைகீழாகத் திருப்பி முதல் பக்கத்தை எடுத்தார். அக்காவின் மனு, கீழே ஊர்க்காரர்களின் கைரேகை. பாய் சத்தமாகப் படித்தார்: "லாரி போற மாதிரி ஓடையில ஒரு பாலம் கட்டித் தர வேணுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்." அம்புட்டுத்தான். ரோடு என்ற பேச்சே இல்லை.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். என்னவோ மெதுவாகச் சொன்னார். இஸ்மாயில் பாய் டி.இ.யைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "பாலத்துக்கு ஒரு மரம் வெட்ட வேணாம், மலைகிட்டப் போக வேணாம், டெல்லிப் பணமும் வேணாம். அப்புறம் என்னை எதுக்குய்யா ரெண்டு நாள் ரயில்ல ஏத்தினீங்கன்னு கேக்கறாரு சார்."

மூணு காப்பி

பாலத்துக்கு மட்டும் ஒரு சின்ன எஸ்டிமேட் போட்டு மெட்ராஸுக்கு அனுப்பினோம். கேள்வியே கேட்காமல் சம்மதம் வந்தது. அடுத்த ஐப்பசிக்குள் பாலம் முடிந்துவிட்டது. முதல் மழையன்று நான் குடை பிடித்துக்கொண்டு போய் நின்றேன். ஓடை கரை புரண்டு ஓடியது. பால் லாரி மேலே நிதானமாக ஏறி அக்கரை இறங்கி, சங்கத்து வாசலில் போய் நின்று ஹாரன் அடித்தது. என் கண் கலங்கிவிட்டது; மழைச் சாரல் என்று பக்கத்தில் நின்ற ஒச்சுவிடம் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் விற்ற மாடுகள் விற்றவைதான். சங்கத்து வாசலில் முன்பு நின்ற கூட்டத்தில் பாதிகூட இல்லை. அக்கா கேட்ட பாலத்தை மட்டும் எழுதியிருந்தால் ஒரு மழைக்கு முன்பே கட்டியிருக்கலாம். ஒரு பாலமாக இருந்ததை ஒன்பது கிலோமீட்டர் ரோடு ஆக்கிக் கெடுத்தது நாங்கள்தான்.

பெருமாயி அக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர் இடுப்பிலிருந்து மடித்த காகிதக் கட்டை எடுத்து நீட்டினார். பஸ்ஸும் வரப்போகிறதாம், நிற்க ஒரு நிழற்குடை வேண்டுமாம். பிரித்துப் பார்த்தேன், ஒரே மனு மூன்று தடவை எழுதியிருந்தது. எதற்கு அக்கா என்றேன். "ஃபைலுக்கு அடியில ஒண்ணு வைங்க, நடுவுல ஒண்ணு வைங்க, மேல ஒண்ணு வைங்க தம்பி. எங்கிட்டுப் பிரிச்சாலும் நாங்க என்ன கேட்டோம்ண்டு தெரியணும்ல?"

ஆக, எங்கள் இலாகாவுக்குப் பணம் டெல்லியில் இருந்தது, அதிகாரம் மெட்ராஸில் இருந்தது, மூளை மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் பால் கறந்துகொண்டிருந்தது.