ஒற்றைக் கடா

நான் என் எருமைக் கடாவை விற்றேன். பக்கத்து வயல்காரனான மச்சானுக்குச் சொல்லாமல் விற்றேன். இதைப் பல பேரிடம் பல விதமாகச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இங்கே சமாளிக்கப் போவதில்லை.

கட்டைபறிச்சானில் அவனுக்கும் எனக்கும் அடுத்தடுத்த வயல். எனக்கு மூன்று ஏக்கர், அவனுக்கு ஒன்றரை. நடுவில் ஒரு வரம்பு. தூரத்து உறவில் மச்சான், ஒரே வயது. ஆளுக்கு ஒரு கடா வைத்திருந்தோம். இரண்டு கடா வளர்க்க இருவருக்குமே வசதியில்லை. ஆகவே என் கடாவையும் அவன் கடாவையும் ஒரே நுகத்தில் பூட்டுவோம். ஒரு நாள் என் வயல், மறுநாள் அவன் வயல். எங்கள் பக்கத்துச் சின்னக் காணிக்காரர் பலரும் அப்படித்தான் உழுதார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடாவை விற்பதென்றால் ஒரு போகத்துக்கு முன்பே மற்றவனிடம் சொல்ல வேண்டும். அவன் வேறு சோடி தேட வேண்டுமே.

வெளிநாட்டு அரிசி குறைந்து நெல்லுக்கு மவுசு வந்த எழுபதுகளின் தொடக்கம் அது. மூதூர்ப் பக்கம் இருபது ஏக்கர் செய்கிறவர்கள் உழவு மெசின் வைத்திருந்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. திருகோணமலையில் பழைய மெசின் ஒன்று விலைக்கு நின்றது. கடாவை விற்றேன், மனைவியின் நகையையும் விற்றேன். மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் விற்றேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு போகம் பொறு என்பான். பொறுத்தால் மெசின் கைமாறிவிடும்.

கோடைப் போகமான சிறுபோகத்தின் முதல் உழவன்று விடிய அவன் தன் கடாவை ஓட்டிக்கொண்டு என் வீட்டு வளவுக்கு வந்தான்.

"மச்சான், உன்ட கடா எங்க? அவிட்டுக்கொண்டு ஓடிட்டுதோ?"

"வித்துப்போட்டன்."

"விடியக்காலமையே பகிடி விடாத."

"பகிடி இல்ல. மெசின் எடுத்திட்டன். நாளைக்கு வருது."

அவன் தன் கடாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப மற்றப் பக்கம் நுகத்தில ஆர்? நீ கழுத்தக் குடுக்கிறியா? மூளை ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான். சோடி பொருந்தும்."

இருவரும் சிரித்தோம். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"உன்ட துண்டை நான் உழுது தாறன். என்ட வயல் முடிஞ்ச கையோட உனக்குத்தான்" என்றேன்.

"உண்மையா?"

"ஓம் எண்டுறன்."

என் வயலை ஒன்றரை நாளில் உழுதேன். மூன்றாம் நாள் மூதூரிலிருந்து பெரிய காணிக்காரர் ஒருவர் ஆள் அனுப்பினார். போனேன். அங்கிருந்து இன்னொருவரிடம் போனேன். நீளமான வயலில் மெசின் பாட்டுக்குப் போகும். அவனுடைய ஒன்றரை ஏக்கரில் திருப்பவே இடம் போதாது; சில்லு ஏறினால் வரம்பும் உடையும். மெசினுக்குச் சின்ன வயல் பிடிக்காது. எனக்கும் பிடிக்காமல் போய்விட்டது.

ஒரு நாள் பின்னேரம் திரும்பி வரும்போது அவனும் அவன் மனைவியும் மண்வெட்டியால் வயலைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். கால்வாசிகூட முடியவில்லை. ஒற்றைக் கடா வாய்க்கால் கரையில் படுத்திருந்தது. நான் மெசினை நிறுத்தாமல் கையைக் காட்டிவிட்டுப் போனேன். அவனும் கையைக் காட்டினான்.

கடைசியில் அவன் வயலை நான் உழுதபோது மூன்று கிழமை பிந்திவிட்டது. எல்லோருடைய பயிரும் முற்றிய பிறகு, கூட்டம் போட்டுத் தீர்மானித்த நாளில் குளத்து மதகைப் பூட்டித் தண்ணீரை நிறுத்தினார்கள். அவன் கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. அறுத்ததில் பாதிக்கு மேல் பதர்.

மாரி தொடங்கும் முன் அவனே வந்தான்.

"காணியை நீயே எடு. வேற ஆக்களுக்குக் குடுத்தா உன்ட மெசின் போகப் பாதை விடமாட்டாங்கள்."

எனக்காக யோசித்திருந்தான். நான் விலைக்கு எடுத்தேன். அன்று பின்னேரமே நடு வரம்பை உழுது தள்ளினேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

அடுத்த நாலைந்து வருடத்தில் இன்னும் ஐந்து துண்டுகள் என்னிடம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு; எல்லாம் கிட்டத்தட்ட இதே கதை. விவசாயக் கந்தோர் உத்தியோகத்தர்கள் வந்து முன்னேற்றமான விவசாயி என்று என்னைப் புகழ்ந்தார்கள். வெட்கமில்லாமல் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அவன் என்னிடமே கூலிக்கு வந்தான்.

ஒரு சிறுபோகத்துக்குத் தண்ணீர் எப்போது திறப்பது என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. எத்தனை ஏக்கர் இருந்தாலும் காணிக்காரருக்கு ஒரு கைதான். முன்பெல்லாம் இடமில்லாமல் வெளியில் நிற்போம். அன்று உட்காரும் வாங்குகளில் பாதி காலி. நான் முந்தித் திறக்க வேண்டும் என்றேன், மெசினுக்கு வேலை வரிசையில் நின்றது. மிஞ்சியிருந்த சின்னக் காணிக்காரர் பிந்தித் திறக்கச் சொன்னார்கள். கடா வைத்து உழுகிறவர்களுக்கு அவகாசம் வேண்டும். கை உயர்த்தச் சொல்லி எண்ணினார்கள். ஒரு கையால் அவர்கள் பக்கம் கூட.

கடைசி வாங்கில் அவன் இருந்தான். அவனும் கையை உயர்த்தியிருந்தான்.

நான் எழும்பினேன்.

"அவருக்குக் காணி இல்ல. அவர்ட கையை எண்ண ஏலாது."

அவனை 'அவர்' என்று நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை. கூட்டத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"என்ன தம்பி, உங்கட காணி?"

"ஓம் ஐயா, இல்ல. பழக்கத்தில தூக்கிப்போட்டன்."

கையை இறக்கினான். இப்போது இரண்டு பக்கமும் சமம். சமமானால் தலைவர் சொல்வதுதான் முடிவு. தலைவர் என் மெசினில் உழுவிக்கிறவர். முந்தித் திறப்பதென்று முடிவானது. அந்தப் போகத்தில் இன்னும் இரண்டு பேர் பிந்தினார்கள். அவர்களுடைய காணியும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவன் சைக்கிளோடு பள்ளிக்கூட வாசல் படலையடியில் நின்றான். ஏசப் போகிறான் என்று நினைத்தேன். ஏசட்டும் என்றுகூட இருந்தது.

"தண்ணி முந்தி வருதெண்டா வரம்பு கட்ட நாளைக்கே வரவேணுமோ?" என்று கேட்டான். மச்சான் என்று சொல்லவில்லை.

"ஓம். ஆறு மணிக்கு வா" என்றேன்.