ராணிக்குப் பிறகுதான் எனக்குச் சோறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது நிலக்கடலை அறுவடையின்போது நடந்தது இது. நான் போடிநாயக்கனூர் கடைத்தெருவில் பிறந்தவள். அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஓர் ஏலக்காய்க் கடை. என்னைக் கட்டிக்கொடுத்ததோ ஊரைத் தாண்டி, மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில். மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, சீட்டு உண்டா என்றெல்லாம் தேடித்தேடி விசாரித்த அப்பா, அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள் என்பதை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டார்.

அவள் பெயர் ராணி. செம்பழுப்பு நிறம், கரிய மூஞ்சி, அசல் கோம்பை வேட்டை நாய்.

எங்கள் பக்கம் மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் கடலைக்காட்டை உழுது போட்டுவிடும். அதனால் அடிவாரத்து ஆண்கள் விடிந்ததும் வேல்கம்பும் நாய்களுமாக வேட்டைக்குக் கிளம்புவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. பன்றியைப் பங்கு போடும்போது ஆளுக்கு ஒரு பங்கு. பன்றியை முதலில் பிடித்து நிறுத்திய நாய்க்கும் ஒரு பங்கு. ராணி இருந்தவரை அந்த நாய்ப் பங்கு வேறு வீட்டுக்குப் போனதாக எனக்கு ஞாபகமில்லை.

வந்த கறியில் ஒரு பகுதியை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, ஆறவைத்து, முதலில் அவளுக்குத்தான் வைக்க வேண்டும். "அவ சம்பாதிச்சது புள்ள. அவ வாய் வைக்காம நாம தின்னா, அடுத்த தடவ பன்னி முன்னால நிக்க மாட்டா" என்பார் என் வீட்டுக்காரர். அவள் தின்ற பிறகு அவர் சாப்பிடுவார். அவர் சாப்பிட்ட பிறகுதானே நான்? வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அதோடு நின்றிருந்தாலும் பொறுத்திருப்பேன். கொலுசு கேட்டேன். "கடலை வீடு வந்து சேரட்டும், பார்ப்போம்" என்றார். அடுத்த வாரமே சந்தையிலிருந்து பித்தளைக் குமிழ் வைத்த தோல்பட்டை வந்தது, அவள் கழுத்துக்கு. நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, "சுக்கைத் தட்டிப் போட்டுக் குடி" என்று நிலைப்படியில் நின்றே சொல்லிவிட்டுப் போன மனுஷன், அவள் காலில் முள் ஏறியபோது என் தாலிக்கொடியில் கிடந்த ஊக்கை வாங்கிக்கொண்டுபோய், அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும்விட என்னைக் குத்தியது வேறு. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இந்தா", "ஏ புள்ள", அவ்வளவுதான் நான். அவளை மட்டும் மலை திருப்பிச் சொல்கிற மாதிரி "ராணீ..." என்று கூப்பிடுவார். எனக்கும் அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறதே என்று அடுப்படியில் நின்று பொருமுவேன்.

ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டே விட்டேன். "அம்புட்டு ஆசைன்னா அவ கழுத்துலயே தாலியக் கட்டியிருக்க வேண்டியதுதானே?"

"அதான் பட்டை கட்டியாச்சுல்ல" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது எங்கிட்டாவது போய்த் தொலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று கத்தினேன். சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் காலை கஞ்சிகூடக் குடிக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்குப் போய்விட்டார்.

கோபம் எனக்கும்தான். அதற்காக உழைக்கிற ஆளைப் பட்டினி போட முடியுமா? கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். எங்கள் தோட்டத்துக் கொட்டகையில்தான் வேட்டைக்காரர்கள் இறங்கிவந்து கறியைப் பங்கு போடுவார்கள். அதனால் உப்பு, மஞ்சள்தூள், மிளகாய் எல்லாம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். கொட்டகையில் கடலை மூட்டைகள் பாதி தைத்தும் தைக்காமலும் கிடந்தன, தைக்கிற ஊசிகள் கூரையில் செருகியிருந்தன.

அடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்தபோது மேலே நாய்கள் குரைக்கும் சத்தம் கேட்டது. வரப்பில் ஏறிப் பார்த்தேன். உண்ணிச்செடிப் புதருக்கு முன்னால், பாறையில் முதுகைக் கொடுத்துக்கொண்டு ஒரு கிழட்டு ஆண் பன்றி நின்றது. மற்ற நாய்கள் சுற்றி நின்று குரைத்தனவே தவிர, ஒன்றும் கிட்டே போகவில்லை. ராணி மட்டும் குரைக்கவே இல்லை. பக்கவாட்டில் பாய்ந்து அதன் காதைக் கவ்விக்கொண்டு தொங்கினாள். அடி ஆத்தீ, என்ன பிடி! பன்றி தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியும் அவள் விடவில்லை. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் எந்த ஆம்பிளைதான் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்ப்பான்?

ஆட்கள் வேல்கம்போடு ஓடிவருவதற்குள் பன்றி கோரைப்பல்லால் கீழிருந்து மேலாக ஒரு இழு இழுத்தது. பன்றியை வேல் சாய்த்தது உண்மை. ஆனால் ராணி தரையில் கிடந்தாள்.

என் வீட்டுக்காரர் அவளைத் துண்டில் ஏந்திக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தார். வயிறு ஒரு முழத்துக்குக் கிழிந்து குடல் வெளியே தெரிந்தது. வேட்டைக்கு மூத்தவராக இருந்த பக்கத்துத் தோட்டத்து மாமா குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மாப்ளே, இது தேறாது. நீ அந்தப் பக்கம் போயிரு. நான் வெரசா முடிச்சு விட்டுர்றேன்" என்று வேல்கம்பை எடுத்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். பெயர் சொல்லி. அத்தனை ஆம்பிளைகள் முன்னால், சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டே, என் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். அது வந்ததும் அவளுக்காகத்தான் என்றபோது நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது.

நான் மூட்டை தைக்கிற ஊசியை எடுத்தது இரக்கத்தால் அல்ல. நேற்றுச் சாபம் போட்டோமே என்ற பயம் கொஞ்சம் இருந்தது, அது நிஜம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இவள் இப்போது செத்தால் இந்த மனுஷன் ஆயுசுக்கும் இவளையே நினைத்துக்கொண்டிருப்பார். உயிரோடு இருக்கிற நாயோடு நான் மல்லுக்கட்டலாம். செத்துப்போனவளோடு எப்படி மல்லுக்கட்டுவது?

"மாமா, கம்பைக் கீழ போடுங்க" என்றேன். "நீங்க அவ வாயைக் கட்டிப் பிடிங்க. கை ஆடாமப் பிடிங்க" என்று வீட்டுக்காரரை அதட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அதட்டியது அன்றுதான்.

அவர் துண்டைக் கிழித்து அவள் வாயைக் கட்டினார். அடுப்பில் வைத்திருந்த வெந்நீரில் உப்பைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டில் குடலைக் கழுவி மெல்ல உள்ளே தள்ளினேன். கூரையில் செருகியிருந்த கோணி ஊசியில் சிறியதாக ஒன்றை எடுத்துத் தணலில் காட்டினேன். என் சேலை முந்தியிலிருந்து நூல் உருவி, முறுக்கி, வெந்நீரில் நனைத்துக் கோத்தேன். அப்பா கடையில் ஏலக்காய் மூட்டை தைத்துப் பழகிய கை. மலையேறி இறங்குகிற மூட்டைக்கு ஓட்டுத் தையல் போடக் கூடாது, ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு வேண்டும், ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். அப்படியே தைத்தேன். கறிக்கு வைத்திருந்த மஞ்சள் முழுவதையும் அப்பி, என் சுங்குடிச் சேலையைக் கிழித்துச் சுற்றினேன். அத்தனை நேரமும் அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

அன்று பன்றியைப் பங்கு போட்டபோது மாமா நாய்ப் பங்கை எடுத்து வந்து, என் வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.

பிழைத்துக்கொண்டாள். கூத்து அதற்குப் பிறகுதான். கஞ்சித் தண்ணீரை அவர் ஊற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் கையில் ஏந்தினால் நக்கிக் குடிப்பாள். ஊசியால் குத்தியவள் நான். ஆனால் அவள் கோபமெல்லாம் வாயைக் கட்டிப் பிடித்தவர் மேல்! எழுந்து நடமாடத் தொடங்கியதும் நான் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு வந்தாள், அடுப்படியில் இருந்தால் அடுப்படியில் படுத்தாள். அவர் வாசலில் நின்று "ராணீ..." என்று கூப்பிட்டால், வாலை மட்டும் ஒருமுறை தரையில் தட்டிவிட்டுப் பேசாமல் கிடப்பாள்.

"என்னடி மருந்து வச்ச அவளுக்கு?" என்றார் ஒருநாள். முகம் அப்படியே தொங்கிப்போயிருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். கண்ணாடியில் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பாவமாக இருந்தது.

ராணி மறுபடி வேட்டைக்குப் போகவில்லை. மாமா கொடுத்தனுப்பிய கறியை ஒருநாள் வேகவைத்து, வழக்கப்படி அவர் பக்கத்தில் அவளுக்கு முதலில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன். அவர் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் என் காலடியிலிருந்து அசையவில்லை. தட்டு ஆறிக்கொண்டிருந்தது. அவரும் பசியோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பி, இரண்டாவது முறையாக என் பெயரைச் சொன்னார்.

"நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வந்து உக்காரு. நீ வந்தாத்தான் அவ வருவா போலருக்கு."

போய் உட்கார்ந்தேன். அவளும் வந்து தின்றாள். அதன்பிறகு அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் முதலில் என்னைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் காலத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கொலுசு கடைசிவரை வரவில்லை. ஆனால் அவர் கண்மூடும்வரை நாங்கள் ஒன்றாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரைப் பார்த்து அத்தனை வயிறெரிந்தேனோ, என் வீட்டில் எனக்குரிய பங்கை வாங்கிக்கொடுத்தது அவள்தான் என்பதை, தட்டு வைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.