கொளஞ்சியம்மாள் கழுவிய வேர்கள்

கொளஞ்சியம்மாளின் கைவேலையில் யாரும் குறை சொன்னதில்லை. விருத்தாசலத்துக்கு மேற்கே மங்களூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, விருத்தாசலம் பீங்கான் சூளையில் வேலை பார்த்த காத்தவராயனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சூளைகளுக்குப் பின்புறம் தேவநாதன் வைத்திருந்த நாற்றுப்பண்ணையில் எட்டு வருஷமாக எல்லாம் அவள் பொறுப்புதான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணியில், பையில் மாற்றி நடுவதற்காகத் தைலமரக் கன்றுகளைப் பாத்தியிலிருந்து பிடுங்கினாள். வேரெல்லாம் வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. அவளுக்குத் திக்கென்றது. கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அப்பாவின் கடலைக் கொல்லையில் இதே மாதிரிதான் அடித்தண்டில் வெள்ளை நூல் சுற்றியது. கொல்லை மொத்தமும் அழுகிப்போனது.

"மொதலாளி, கன்னுக்குப் பூசணம் புடிச்சிருக்குதுங்க. கழுவி மருந்துல முக்கித்தான் நடணும்."

"நீ சொன்னா சரிதான் கொளஞ்சி. பாத்து செய்யி," என்றார் தேவநாதன்.

பாதி மாதம் அந்த வேலைதான் நடந்தது. ஒவ்வொரு கன்றாக எடுத்து, தொட்டித் தண்ணீரில் அலசி, ஒட்டியிருந்த நூலை விரலால் தேய்த்து எடுத்து, மருந்தில் முக்கி நட்டாள். கடைசிப் பாத்திக்கு வரும்போது மருந்து தீர்ந்துவிட்டது. அந்தக் கன்றுகளை மட்டும் கழுவாமல் அப்படியே நட்டு, மற்றவற்றோடு ஒட்டாமல் வேலியோரம் தள்ளி வைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சூளைப் புகைக்குள் புகுந்து இறங்கிய மழை. இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. வருஷாவருஷம் விழுவதுதான், தேறிவிடும் என்றிருந்தாள். தேறவில்லை. கார்த்திகை முடிவதற்குள் வரிசை வரிசையாக மஞ்சளித்துச் சாய்ந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் கறுத்துக் கட்டையாக நின்றது. வேலியோரத்துக் கன்றுகளும் அதே மழையில் நனைந்தவைதான். அவை பச்சைப் பசேலென்று இருந்தன.

"மருந்து போட்டது சாவுது, போடாதது நிக்குது! என்னாங்க இது அநியாயம்?"

அந்த மழைக்காலத்தில் சூளைப் பக்கம் மழைத்தண்ணீர் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தாள் வெண்மதி என்ற ஆராய்ச்சி மாணவி. தேவநாதன் அவளைக் கூட்டிவந்தார். வாளியில் பிடித்திருந்த மழைத்தண்ணீரில் அவள் ஒரு நீலத்தாளை நனைத்தாள். தாள் சிவந்தது.

"இது அமில மழைக்கா. பொகையில இருக்குற கந்தகம் மழையோட கலந்து எறங்குது. மண்ணுல இருக்குற சத்த அரிச்சிடும். சும்மா கெடக்குற அலுமினியத்தக் கரைச்சி விட்டுடும். அது வேருக்கு வெஷம்."

பிறகு வேலியோரத்துப் பை ஒன்றைக் கிழித்து, வேரை உயர்த்திக் காட்டினாள். வெள்ளை நூல் வேரைப் போர்த்தியிருந்தது.

"இதக் காப்பாத்துனது இந்த நூலுதான். நோவு இல்லக்கா இது. வேரோட கூடி வாழுற பூஞ்சை. வெஷம் உள்ள போவாம தடுக்கும். வேருக்கு எட்டாத தண்ணியும் சத்தும் இழுத்துக் குடுக்கும். மத்த கன்னுல ஏன் இது இல்ல?"

கொளஞ்சியம்மாள் அந்த வேரை வாங்கிப் பார்த்தாள். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தாம்மா கழுவுனேன். ஒண்ணொண்ணா... அழுக்கு போவுற மாதிரி தேச்சித் தேச்சி..."

"நானும்தான சரின்னு சொன்னேன்," என்றார் தேவநாதன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

இரண்டு நாள் அவள் சோறு உண்ணவில்லை. "கன்னுதான போச்சி, மனுசனா செத்துட்டான்?" என்றான் காத்தவராயன்.

"நோவுல செத்திருந்தா வுட்டுடுவேன். நல்லது பண்றேன்னு என் கையால கொன்னுட்டனே!"

மூன்றாம் நாள் பண்ணைக்குப் போனாள். வெண்மதி சொன்னபடி, நன்றாக வளர்ந்த தைலமரங்களின் அடிமண்ணைக் கூடையில் அள்ளிவந்து, புதுப் பாத்தியில் கலந்து விதைத்தாள். அடுத்த மழைக்கும் இலையில் புள்ளி விழுந்தது. கொஞ்சம் கன்று செத்தது. பெரும்பாலானவை பிழைத்து, சேத்தியாத்தோப்பு வரைக்கும் வண்டியேறிப் போயின.

படிப்பு முடிந்து கிளம்பும்போது வெண்மதி சொன்னாள்: "மழையில புளிப்பு ரொம்ப ஏறிட்டா அந்தப் பூஞ்சையும் தாங்காதுக்கா."

"தாங்காதா? அப்புறம் என்னாம்மா பண்றது?"

பண்ணையை இடம் மாற்றச் சொல்லிக் கொளஞ்சியம்மாள் தேவநாதனை விடாமல் நச்சரித்தாள். தொண்ணூற்று நாலில் பண்ணை, புகை எட்டாத தூரத்தில் வேறு நிலத்துக்கு மாறியது. முதல் நாள் மாட்டுவண்டியில் தைலமரத்து அடிமண்ணும் கன்றுமாக அவளே ஏறிப் போனாள்.