ஓமமும் ஒன்றரை மணி நேரமும்

என் மைத்துனர் தம் நெஞ்சுவலியை எவரிடமும் கூறாமல் மறைத்தார் என்று உறவினர் இன்றும் பழிக்கின்றனர். அது உண்மையன்று. என்னிடம் கூறினார். ஆகவே இதனை எழுதிவைக்கும் கடமையும் என்னுடையதே.

அவர் கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றில் உலைப்பணியாளர். நான் பொன்னேரியில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஒரு முற்பகலில் பணியிடத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"மாமா, மாருல இன்னாமோ அமுக்குது. வேர்த்துக் கொட்டுது. எதுனா கைவைத்தியம் சொல்லு."

"காலையில் என்ன உண்டாய்?"

"நாஷ்டாக்கு நாலு பூரி."

"செரியாமைதான். ஓமம் மென்று வெந்நீர் பருகு."

"உன்கிட்ட பேசினா பரீட்சை எழுதுறா மாரியே கீது மாமா" என்று சிரித்தார். அச்சிரிப்பிலும் மூச்சு வாங்கியது.

உருகிய இரும்பை வார்த்து முடிக்காமல் உலையை விட்டு அகல்வது அங்கு வழக்கமில்லை. பாதியில் விட்டால் இரும்பு உள்ளேயே உறைந்துவிடும். என் சொல்லை நம்பி ஒன்றரை மணி நேரம் நின்றவர், வார்ப்பு முடிந்த பின்னரே சரிந்தார். உடன் பணிபுரிவோர் மருத்துவமனையில் சேர்த்தனர்.

அடைபட்ட குருதிக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் பொருத்தினர். மறுநாளே, "ஸ்ப்ரிங்கு வெச்சாச்சு, வலி பூட்ச்சி. அடுத்த மாசம் ட்யூட்டிக்குப் போய்க்கினே இருப்பேன்" என்றார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. மருத்துவரை வழிமறித்து வினவினேன். குருதி கிட்டாமல் இதய உயிரணுக்கள் சில மடிந்துவிட்டன. நலிந்த வேறு சிலவற்றினுள் சில புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, மடியுமாறு குறிப்பு விடுக்கும். மீண்டு பாயும் குருதியே அதனை முடுக்குவதும் உண்டு. அச்சாவு இன்னும் சில நாள் தொடரக்கூடும் என்றார்.

"தடுக்க மருந்து இல்லையா?"

"ஆராய்ச்சி பண்றாங்க சார். நம்பிக் கொடுக்கிற மாதிரி இன்னும் வரல. சீக்கிரம் வந்திருந்தா நெறைய தசை பொழச்சிருக்கும்."

அப்புரதங்களுள் காஸ்பேஸ் என்பதற்குத் தமிழ்ப்பெயர் ஆக்க முனைந்து, ஏட்டில் எழுதி எழுதி அடித்தேன். பெயரிட்டு என்ன பயன்? மருத்துவமனைக் கூடத்துக்கும் வாயிலுக்குமாக நடந்தேன். அவர் உப்பில்லாக் கஞ்சிக்காகச் செவிலியரிடம் வழக்காடிக்கொண்டிருந்தார். நானோ அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களுக்குப் பின் எக்கோ எடுத்தனர். இதயத்தின் வலு குன்றியிருந்தது. இனி உலையருகே நிற்கலாகாது என்றனர். வீடு திரும்பியதும் என் மனைவி மீண்டும் தம்பியைக் கடிந்தாள்: "யார்கிட்டனா ஒரு வார்த்த சொன்னியாடா?"

அவர் என்னைப் பாராமல், "தோணலக்கா" என்றார்.

"என்னிடம் சொன்னான். ஓமம் மெல்லச் சொன்னவன் நான்தான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இத்தினி நாளா அவன நான் திட்டும்போது கேட்டுக்கினுதானே இருந்தீங்க?"

"வுடுக்கா. மாமா இன்னா டாக்டரா?" என்றார் அவர்.

அவர் பரிந்து பேசியது என்னை மேலும் அலைக்கழித்தது. அன்றிரவே எழுதத் தொடங்கினேன்.

புரதங்களைப் பற்றி நான் விளங்கிக்கொண்டது சிறிதே. பிழை காணும் மருத்துவ அறிஞரும், உலைப்பணி குறித்து நான் தவறியிருப்பின் அத்தொழிலறிந்தோரும், தயங்காமல் திருத்தியருள்க.