செத்தவன் சொறிந்த படமும் தனுஷாவும்

ஓடிப்போனாளாம்! தண்ணீர்க் குழாயடியில் சாலம்மாள் கொஞ்சம்கூட வாய் கூசாமல் சொன்னாள். என் குடம் பாதிதான் நிரம்பியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

“யாருடி ஓடிப்போனது?”

“நான் சொல்லல பெரிம்மா, ஊரே சொல்லுது. பழனி மவ தனுஷா நேத்து ஜீப்புல ஏறிப் போனத என் கண்ணால பாத்தேன். அந்தத் தமிழழகன்தானே ஓட்டிக்கினு போனான்?”

“முன் சீட்டுல அவன் தங்கச்சி ராதிகா ஒக்காந்துக்கினு இருந்தாளே, அது உன் கண்ணுல படலியா?”

“அது இன்னாவோ. சினிமாக் கொட்டாயில அந்தப் பையன் மானத்த வாங்கினவ, இப்ப அவன் கூடவே போறான்னா நாலு பேரு பேசத்தான் செய்வாங்க.”

“பட்டப்பகல்ல, பெத்த அப்பன் எதிருக்க நடந்து போனவள ஓடிப்போனான்னு சொல்றியே, நீ தெனம் முந்தானைய அள்ளிச் சொருவிக்கினு சங்கராபுரம் பஸ்ஸு பின்னாடி ஓடறியே, அதுக்கு இன்னா பேரு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சாலம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அவள் வாய் அத்தோடு ஓயாது என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்தது நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

தனுஷா எங்கள் எதிர்வீட்டுப் பெண். அவள் அப்பா பழனி கரும்பு வெட்டப் போகிறவர். அவள் சங்கராபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். எங்கள் வீட்டு டிவி ஒரு மழைக்காலத்தில் இடி இடித்ததிலிருந்து படம் மட்டும் காட்டும், பேசாது. தூக்கிப் போடுங்கள் என்று என் மகன் சொன்னான். தனுஷா விடவில்லை. “படத்த அது காட்டட்டும் ஆயா, பேச்ச நான் பேசறேன்” என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் தனுஷாவும் அவள் கூடப் படித்த ராதிகாவும் வந்துவிடுவார்கள். ராதிகாவின் அண்ணன் தமிழழகன் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். சவாரி இல்லாத ஞாயிறுகளில் அவனும் வருவான். எது மட்டமான படமோ அதைத்தான் தேடிப் போடுவார்கள். நல்ல படம் வந்தால் மாற்றிவிடுவார்கள்.

ஒரு படத்தில் கதாநாயகி வில்லனுக்குப் பயந்து கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினாள். உள்ளே போகும்போது இருந்த மாதிரியே, கையில் ஒரு கீறல் இல்லாமல், வைத்த பொட்டு கலையாமல் வெளியே வந்தாள். தனுஷா அவள் குரலில், “எங்க அப்பன் வெட்டுனாதான் கரும்புச் சோகை கையக் கிழிக்கும், என்னைப் பாத்தா அதுவே வெலகி வழி உட்டுச்சு” என்றாள். இன்னொரு படத்தில் கண் தெரியாத அம்மா, மகன் வந்ததும் அவன் கண்ணீரைச் சரியாகக் கண்ணுக்குக் கீழேயே துடைத்துவிட்டாள். “அம்மா, சந்தேகமா இருக்குதும்மா” என்று மகன் குரலில் தமிழழகன் இழுத்தான். “சும்மாரு, டாக்டர் செலவு கம்மியாவட்டும்னு கண்டுக்காம இருக்கேன்” என்று அம்மாவாகத் தனுஷா பதில் கொடுத்தாள். நான் சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது.

ஆனால் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். எவ்வளவு கேவலமான படமாக இருந்தாலும் முழுசாகப் பார்க்க வேண்டும். கடைசியில் பேர்கள் ஓடி முடிகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று அந்தப் பேர்களை உரக்க வாசிப்பாள். விளக்குப் பிடித்தவர், சோறு ஆக்கியவர், வண்டி ஓட்டியவர் என்று ஒருவரையும் விடமாட்டாள். “இவங்க எல்லாரும் பாடுபட்டிருக்காங்க ஆயா. அவங்களப் பாத்து சிரிச்சோம் இல்ல, பேராச்சும் சொல்லிட்டுப் போவணும்” என்பாள். சில நேரம் டிவிக்காரர்கள் பேரை வெட்டிவிட்டு விளம்பரம் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு முழுக்க அவள் முகம் சரியிருக்காது.

போன வருஷம் வெள்ளிமலைப் பக்கம் ஒரு படம் எடுக்க வந்தார்கள். தமிழழகன் ஓட்டும் ஜீப்பைத்தான் வாடகைக்குப் பிடித்தார்கள். வில்லனுக்கு அடியாளாக நடிக்க வந்த ஆள் மலைப்பாதையின் வளைவுகளில் வாந்தி எடுத்தே படுத்துவிட்டானாம். அவன் சட்டையைத் தமிழழகனுக்கு மாட்டிவிட்டு, “நீயே செத்துடுப்பா” என்றார்களாம். பேச்சு ஒன்றும் கிடையாது. கதாநாயகன் சுட வேண்டும், இவன் விழுந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான். கூலி பற்றி அவன் கேட்கவேயில்லை. ஒன்று மட்டும் கேட்டிருக்கிறான்: “கடசியில என் பேரு வருமா சார்?” வரும் என்றார்கள். தனுஷாவோடு உட்கார்ந்து எத்தனையோ பேருடைய பேரைக் கேட்டவன் இல்லையா, அந்த ஆசை அவனுக்குள் ஊறியிருந்தது.

படம் கள்ளக்குறிச்சிக்கு வந்த அன்று மதியக் காட்சிக்குத் தெருவையே கூட்டிக்கொண்டு போனான். புதுச் சட்டை போட்டிருந்தான். அவன் அம்மா கோயிலுக்குப் போகிற மாதிரி தலை நிறையப் பூ வைத்திருந்தாள். நான் தனுஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படம் நன்றாக இல்லை. உள்ளதைச் சொன்னால் என்ன? கதை நம் மலையில் நடக்கிறது, பேச்சோ தெற்குச் சீமைப் பேச்சு. “ஏலே, எங்கலே போற?” என்று அந்த அம்மா கேட்க, “ஏம்மா, நீ எந்த பஸ்ஸு புடிச்சு இங்க வந்தே?” என்று தனுஷா மெதுவாகக் கேட்டாள். முன் வரிசையில் இருந்த தமிழழகனே திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு அவன் வந்தான். தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள். கதாநாயகன் சுட்டான், இவன் ஒரு பலா மரத்தடியில் விழுந்தான். கதாநாயகன் பக்கத்தில் நின்று தர்மம், நியாயம் என்று நீட்டிப் பேசிக்கொண்டே இருக்கிறான். கீழே கிடக்கிற பிணத்தின் கை மெல்ல மெல்ல நகர்ந்து தொடைப் பக்கம் போய், பரபரவென்று சொறிந்துவிட்டு, மறுபடி இருந்த இடத்துக்கே போய் விறைத்துக்கொண்டது.

தனுஷாவுக்கு அடக்க முடியவில்லை. “செத்தவன் சொறியறான் டோய்!” என்று கத்திவிட்டாள். கொட்டகை மொத்தமும் வெடித்தது. தெரியாதவர்கள், அறியாதவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது பார்த்தால் தமிழழகன் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தான். அவன் அம்மா பின்னாலேயே ஓடினாள். ராதிகா எங்கள் வரிசைக்கு வந்து, “சிரிக்கறதுக்கு உனக்கு வேற ஆளே கெடைக்கலியாடி?” என்று கேட்டுவிட்டுப் போனாள். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்துவிட்டார்கள்.

“வா, நாமளும் போலாம்” என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் எழுந்திருக்கவில்லை. “முடியட்டும் ஆயா.”

கடைசியில் பேர்கள் ஓடின. விளக்குப் போட்டுவிட்டார்கள், கூட்டிப் பெருக்குகிறவர் வந்துவிட்டார், நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். “தமிழகன்னு போட்டிருக்கான் ஆயா. ஒரு ழ குறையுது.”

“ஒரு எழுத்துதானே, உடு” என்றேன்.

“உன் பேரு பெரியநாயகி. கடசியில கொஞ்சம் முழுங்கிட்டு ‘பெரியநாய்’னு எவனாச்சும் எழுதினா உட்டுடுவியா?”

அவன் கேட்ட ஒரே பொருள் அந்தப் பேர்தான். அதுவும் ஓட்டையாக வந்திருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் இவள் சிரித்ததால் அவன் பாதியிலேயே போய்விட்டான். இது அவளை எப்படி அறுத்தது என்று பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும்.

தமிழழகன் மலைக்குப் போனவன் கீழே இறங்கவில்லை. ராதிகா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொடிப் பையன்கள் தெருவில் விழுந்து விழுந்து சொறிந்து காட்டினார்கள். ஒருநாள் தனுஷா அதில் ஒருத்தன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “நீ படம் பாத்தியாடா?”

“இல்லக்கா.”

“பாக்காம சிரிச்சே, காத அறுத்துடுவேன்.”

பழனிக்கு ஊர்ப் பேச்சுதான் பெரிதாகப் பட்டது. கடைக்குப் போ, வீட்டுக்கு வா, வேறெங்கும் படி தாண்டாதே என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்குக்கூட அவள் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் டிவி ஊமையாகவே ஓடியது.

ராதிகாவின் அம்மா வந்து பழனியிடம் சொன்னாள், “படம் நல்லா இருந்துச்சு, தெரியாம சிரிச்சுட்டேன்னு ஒரு வார்த்த போன்ல சொல்லச் சொல்லுங்க. என் மவன் மனசு ஆறிடும்.”

தனுஷா மாட்டேன் என்றுவிட்டாள். “சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். கத்தினது தப்பு, அதுக்கு எத்தன தடவ வேணும்னாலும் மன்னிப்பு கேக்கறேன். படம் நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேன் அத்த. இத்தன வருசமா என் கூட ஒக்காந்து சிரிச்சவரு அவரு. பொய் சொன்னா கண்டுபுடிச்சுடுவாரு.”

திமிர் பிடித்தவள் என்றார்கள். நானும் பிடிவாதக்காரிதான், எனக்கு அது திமிராகப் படவில்லை.

மலையில் படம் எடுத்த சமயத்தில் அந்தப் படக்காரர்கள் துணி எடுக்க அவள் வேலை செய்யும் கடைக்கு வந்திருந்தார்கள். அவர்களில் அறிவுச்செல்வன் என்று ஓர் உதவி இயக்குநர், நீலக் கைலி வந்தால் சொல்லச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவள் அவருக்குப் போன் போட ஆரம்பித்தாள். பின்னால் அவள் சொல்லித்தான் இது எனக்கே தெரியும்.

“சார், ஒரு ழ விட்டுப் போச்சு சார்.”

“ரிலீஸ் ஆன படத்துல இன்னாம்மா பண்றது?”

“போன்ல பாக்கற மாதிரி வரப்போவுதுன்னு பேப்பர்ல போட்டிருக்குதாமே. அதுலயாச்சும் சேத்துடுங்க சார்.”

பார்க்கலாம் என்பாராம். மறுநாளும் போன் போகும். எடுக்காமல் விட்டால் பக்கத்து ஆள் போனிலிருந்து போடுவாள். கடைசியில் அந்த மனிதரே எடுத்தவுடன், “சொல்லும்மா ழ” என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டதாம். இதைப் பற்றி அவள் வெளியில் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் நாலு பேர் வாய் அன்றைக்கே மூடியிருக்கும். “பேரு ஒழுங்கா வந்தா போதும் ஆயா, அவருக்கு நான்னு தெரிய வேணாம்” என்றாள். படம் போனில் வந்தபோது பேர் முழுசாக வந்தது.

நேற்றுக் காலை பழனி வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். ஜீப் வந்து நின்றது. தமிழழகன் இறங்கவில்லை, வண்டியிலிருந்தே, “தனுஷா!” என்று கூப்பிட்டான். அவள் கதவுக்கு உள்ளேயே நின்றாள். நான் எதிரே என் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

“எவளோ ஒருத்தி ழ கேட்டு உயிர எடுக்கறான்னு அறிவு சார் போன் பண்ணாரு. யாருன்னு கேட்டா, சங்கராபுரம் துணிக்கடைன்றாரு” என்றான்.

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

“மலையில எல்லாருக்கும் டிவியில போட்டுக் காட்டினேன். கூட்டத்துல நின்னு நடிச்சவங்க எல்லாம் வந்திருந்தாங்க. ஒருத்தரும் சிரிக்கல.”

“நீ செத்தப்பவுமா?”

“ஒரு கெழவி அழுதுடுச்சு.”

“சொறிஞ்சப்ப?”

“அத்தினி பேரும் மொகத்த அந்தாண்ட திருப்பிக்கினாங்க. எனக்கு வருத்தமா இருக்குமேன்னு மரியாத தர்றாங்களாம்! அப்பறம் சாமை வெதைக்கறதப் பத்திப் பேசிக்கினே எழுந்து போயிட்டாங்க. நீ சிரிச்சது ஒண்ணுமே இல்ல தனுஷா, அந்த மரியாதையில நான் நெசமாவே செத்தேன். நாளைக்கு மறுபடியும் போடறேன். நீ வந்து சிரிப்ப ஆரம்பிச்சு வை.”

“நெசமா கேக்கறேன், ஏன்ணே சொறிஞ்சே?”

“செவப்பெறும்பு! மொத ரெண்டு தடவ பல்லக் கடிச்சுக்கினு அசையாம கெடந்தேன். ரெண்டு தடவயும் ஈரோதான் வசனத்த மறந்தான்.”

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஜீப்பில் ராதிகாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். பழனி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“எங்க தங்குவீங்க?” என்றார்.

“ஜீப் ஓனர் வூட்டுல மாமா. ஓனரம்மா இருக்காங்க, நானும் கூடவே இருப்பேன். திங்கக்கெழம காலையில கடைக்கு நானே கொண்டாந்து உட்டுடறேன்” என்றாள் ராதிகா.

பழனி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாலம்மாள் வீட்டுப் பக்கமும் ஒருமுறை பார்த்தார். அங்கே ஜன்னல் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, குரலை உயர்த்தி, “மேல குளிரும். ஸ்வெட்டர எடுத்துக்கோ” என்றார்.

“ஆயா, நீயும் வா” என்று தனுஷா கூப்பிட்டாள்.

“அந்த வளைவுல எனக்குக் கொடலே வெளிய வந்துடும். நீ போ.”

ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். இத்தனை மாதம் கடைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போய் வந்தவள், நேற்றுத் தெரு நடுவில் நிமிர்ந்து நடந்து ஜீப்புக்குப் போனாள். ராதிகா நகர்ந்து இடம் கொடுத்தாள்.